தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை: "கொறச்சிட்டேன், நிறுத்தல"

சிங்கப்பூர்த் தேக்காவை அறியாத தோட்டத்துக் குடும்பங்கள் நம்மில் குறைவு. தீபாவளிக்குச் சேலை எடுக்க, கல்யாணத்துக்குத் தாலிக்கொடி வாங்க, வீரமாகாளியம்மன் சந்நிதியில் ஓர் அர்ச்சனை செய்ய என்று ஜொகூர் பாலத்தைக் கடந்து போய் வந்தவர்கள் எத்தனையோ பேர். இப்போது நம் பிள்ளைகள் பலர் பால்மரக் காட்டையும் செம்பனைக் காட்டையும் விட்டுவிட்டு, விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் ஏறி அங்கே வேலைக்கும் போய் வருகிறார்கள். ஆகவே தேக்காவில் நடப்பது அடுத்த வீட்டு விஷயம் என்று நாம் இருந்துவிட முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாமும் அங்கே போயிருந்தோம். சிராங்கூன் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளின் வாசலில் வரிசை. பஃபலோ ரோட்டில் முருங்கைக்காயும் வாழை இலையும் மலையாய்க் குவிந்து கிடக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலைத் தோழர்கள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். வாரம் ஆறு நாள் வெயிலிலும் இரும்பிலும் வேகிற உடம்பு. ஏழாம் நாள் ஊர்க்காரன் முகத்தைப் பார்த்துப் பேச இங்கே வருகிறது.

இதே ரேஸ்கோர்ஸ் ரோட்டுப் பக்கத்துப் புல்தரையை 2013க்கு முன் பார்த்தவர்களுக்கு இன்றைய காட்சி ஆச்சரியமாக இருக்கும். அப்போது பழைய பேப்பரை விரித்து வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் பீர் டின்களும் பிராந்திப் போத்தலும் மிக்சர் பொட்டலமும் இருக்கும். இருட்டியபின் பெண்டு பிள்ளைகளோடு அந்தப் பக்கம் நடந்து போகவே தயங்குவார்கள். இன்று அதே இடத்தில் தேநீர்ப் பொட்டலமும் கையில் தொலைபேசியுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரிலிருக்கும் பிள்ளைக்குக் கூட்டத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார் ஒருவர்.

எப்படி நடந்தது இந்த மாற்றம்? நல்ல புத்தி சொல்லி நடந்ததா? இல்லை. ஓர் உயிர் போய், வண்டிகள் எரிந்த பிறகுதான் நடந்தது.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. ரேஸ்கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சந்திக்கும் இடம். தொழிலாளர்களைத் தங்குவிடுதிக்கு ஏற்றிப் போகும் தனியார் பஸ் ஒன்றில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் ஏறினார். வயது 33. நன்றாகக் குடித்திருந்தார். பஸ்ஸும் நிறைந்துவிட்டது. இறக்கிவிடப்பட்டவர், நகர்ந்த பஸ்ஸின் பக்கமாகவே தள்ளாடி நடந்து, இடறி, சக்கரத்துக்கு அடியில் விழுந்து மாண்டார். உதவிக்கு வந்தவர்கள் பஸ் ஓட்டுநரையும் பஸ்ஸில் ஆள் ஏற்றும் பெண்மணியையுமே காப்பாற்றப் பார்க்கிறார்கள், அடிபட்டவனைக் கவனிக்கவில்லை என்று கூட்டம் தப்பாக நினைத்தது. கல்லும் போத்தலும் பறந்தன. சுமார் நானூறு பேர் கலந்துகொண்ட கலகம் என்று கணக்கிட்டார்கள். ஐந்து வண்டிகள் எரிந்தன. 1969க்குப் பிறகு சிங்கப்பூர் பார்த்திராத கலவரம் அது. 25 பேர் மீது வழக்கு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வந்தவர்களோ! அந்தக் கடனை அடைக்கும் முன்பே பயணம் முடிந்தது.

ஓய்வு பெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்து, 2014 ஜூனில் அறிக்கை வந்தது. இறந்தவரின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 217 மில்லிகிராம் சாராயம் இருந்ததாக விசாரணையில் தெரிந்தது. சிங்கப்பூரில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 80. அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல். கூட்டத்தின் வெறிக்கும் குடி ஒரு காரணம் என்று குழு சொன்னது. வேலை, கூலி, இருப்பிடக் குறைகள்தான் கலவரத்தைக் கிளப்பின என்ற பேச்சைக் குழு ஏற்கவில்லை. இந்த இடத்தில் நமக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. குடிகாரன் என்று சொல்லிவிட்டால் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை என்று நினைக்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நம் அப்பன் பாட்டன் காலத்துத் துரைமார்களும் அப்படித்தான் சொன்னார்கள். எனினும் அன்றிரவு போத்தல் இல்லாதிருந்தால் அந்தத் தம்பி பஸ்ஸில் அமைதியாக ஏறி விடுதிக்குப் போயிருப்பார் என்பதை மறுக்க நம்மால் முடியவில்லை.

கலவரம் நடந்த அடுத்த வாரமே லிட்டில் இந்தியாவில் மது விற்பனையும் பொது இடத்தில் குடிப்பதும் நிறுத்தப்பட்டன. பிறகு ஓராண்டுக்குத் தற்காலிகச் சட்டம். அதன்பின் நாடாளுமன்றத்தில் 2015 ஜனவரியில் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறி, ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி, சிங்கப்பூர் முழுவதிலும் இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது. அந்நேரம் கடையில் வாங்கிக்கொண்டு போகவும் முடியாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். அங்கே சனிக்கிழமை காலை 7 முதல் திங்கட்கிழமை காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது. மீறினால் ஆயிரம் வெள்ளி வரை அபராதம். கட்டுப்பாட்டு வட்டாரத்தில் அது ஒன்றரை மடங்கு. திரும்பவும் பிடிபட்டால் சிறையும் உண்டு. நம் பிள்ளைகள் அங்கே போகும்போது "ஒரு டின்னுதானே, பஸ் ஸ்டாப்புல நின்னு குடிச்சிட்டு வந்திடலாம்" என்று நினைக்கக்கூடாது என்பதற்காகவே இதை இத்தனை விவரமாக எழுதுகிறோம்.

புல்தரையில் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தோழர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். பதினாலு வருஷமாக அங்கே இருக்கிறாராம்.

"அப்பல்லாம் ஞாயித்துக்கெழமைன்னா இந்த எடந்தாண்ணே. ஆளுக்கு ரெண்டு டின்னு. ஊர்க்காரன் நாலு பேரு வந்துட்டா நாலு டின்னு. ராத்திரி எப்படி ரூமுக்குப் போனோம்னே தெரியாது."

"இப்ப நிறுத்திட்டீங்களா தம்பி?"

சிரித்தார். "கொறச்சிட்டேண்ணே. நிறுத்தல. எடம் இல்ல, வெலையும் ஏறிப்போச்சு. ரூமுல வச்சுக் குடிச்சா வார்டன் தொல்லை. அப்படியே கொறஞ்சி போச்சு."

அவர் சொன்ன மூன்று காரணங்களையும் பாருங்கள்: இடம், விலை, கண்காணிப்பு. உலகச் சுகாதார நிறுவனம் நாடுகளுக்கு எழுதி அனுப்புகிற யோசனையும் ஏறக்குறைய இதுதான். மது எளிதில் கிடைக்காமல் செய், வரியை உயர்த்து, குடித்து வண்டி ஓட்டுவதைத் தடு, விளம்பரத்தைக் கட்டுப்படுத்து, குடிக்கு அடிமையானவனுக்கு வைத்தியம் கொடு. 2010 முதல் 2019 வரை உலகில் பெரியவர் ஒருவர் ஆண்டுக்குக் குடிக்கும் சுத்தச் சாராயத்தின் சராசரி 5.7 லிட்டரிலிருந்து 5.5 லிட்டராக இறங்கியது என்று அந்த நிறுவனத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. இருந்தும் 2019இல் மட்டும் 26 லட்சம் பேர் மதுவால் மாண்டார்கள். உலகமும் அந்தத் தஞ்சாவூர்த் தம்பி மாதிரிதான் இருக்கிறது!

விலை விஷயத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2014 வரவுசெலவுத் திட்டத்தில் சிங்கப்பூர் அரசாங்கம் மது வரியை 25 விழுக்காடு உயர்த்தியது. பீருக்கு, அதில் உள்ள சுத்தச் சாராயத்தின் லிட்டருக்கு 60 வெள்ளி. கடும் மதுவுக்கு 88 வெள்ளி. எட்டு விழுக்காடு வீரியமுள்ள அரை லிட்டர் டின் ஒன்றில் 40 மில்லிலிட்டர் சாராயம் இருக்கிறது. வரி மட்டும் 2 வெள்ளி 40 காசு. நாற்பது விழுக்காட்டு விஸ்கி 700 மில்லிலிட்டர் போத்தலுக்கு வரி 24 வெள்ளி 64 காசு. டின் ஒன்றுக்கு ஐந்து வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். ஞாயிறுக்கு நாலு டின் என்றால் இருபது வெள்ளி. ஆண்டுக்கு 1,040 வெள்ளி. ஊரில் இருக்கும் மனைவிக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் என்ன சொல்வாள் என்று நாம் எழுத வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. பலருக்கு இது தெரியாது. சாதாரண பீர் சிறிய டின்னில், அதாவது ஐந்து விழுக்காட்டு 330 மில்லிலிட்டரில், சுமார் 13 கிராம் சாராயம். மேலே சொன்ன எட்டு விழுக்காட்டுப் பெரிய டின்னில் 32 கிராம். "நான் ரெண்டே டின்னுதான் குடிச்சேன்" என்கிறவர் உண்மையில் ஐந்து டின் குடித்திருக்கிறார். ஈரல் அதைக் கரைக்கப் பல மணி நேரம் ஆகும். குளித்தாலும் காப்பி குடித்தாலும் அது வேகமாகக் கரையாது. நள்ளிரவில் குடித்துவிட்டு விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கும் ஜொகூர்ப் பிள்ளைகள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கட்டும். மலேசியாவில் 2020 அக்டோபரிலிருந்து எல்லை 80இலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைந்துவிட்டது. முதல் முறை பிடிபட்டாலே பத்தாயிரம் ரிங்கிட்டிலிருந்து முப்பதாயிரம் வரை அபராதம், சிறையும் சேரலாம்.

தேக்காவைப் பார்த்துவிட்டு வரும்போது நமக்குப் பழைய தோட்டத்து ஞாபகம் வந்தது. பிரட்டுக்களம், கோயில், லயம், அதற்கு அப்பால் தகரக் கொட்டகையில் கள்ளுக்கடை. கைக்கு வந்த சம்பளம் வீட்டுக்குப் போகும் வழியிலேயே அது உட்கார்ந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், தோட்டத்துக் கள்ளுக்கடை லாபத்தில் ஒரு நிதி வைத்து, அதிலிருந்து தொழிலாளர் நலனுக்கென்று செலவழிக்கும் வழக்கம் மலாயாவில் இருந்தது. அப்பன் குடித்த காசில் பிள்ளைக்குப் பந்து வாங்கிக் கொடுத்த புண்ணியவான்கள்! சிங்கப்பூரிலும் சர்க்கார் கண்காணிப்பில் கள்ளுக்கடைகள் இருந்தன. 1970களின் இறுதியில்தான் அவை மறைந்தன.

கடையை மூடு என்று முதலில் கேட்டவர்கள் யார் தெரியுமா? நம் பாட்டாளிகளேதான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. பதில் என்ன வந்தது? துப்பாக்கி வந்தது. தொழிலாளர்கள் செத்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். யுத்தம் முடிந்தபின் கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. ஹார்வர்ட் தோட்டத்திலிருந்து பீடோங் வட்டாரம் முழுக்கப் பரவி, கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். குடித்துவிட்டு வந்தவர்களைத் தாங்களே கூப்பிட்டு விசாரித்துக் கண்டித்தார்கள். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கடையை நோக்கிப் போன கூட்டத்தைப் போலீஸ் தாக்கியது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார்.

அன்று கடையை மூடச் சொன்னதற்காகத் தொழிலாளி அடிபட்டான். 2013க்குப் பிறகு அரசாங்கமே கடை நேரத்தைக் குறைக்கிறது. முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் தொண்டர் படைக் காலத்தில் கட்டுப்பாடு தொழிலாளியின் கையிலிருந்து பிறந்தது. தேக்காவில் அது மேலிருந்து வந்தது. ஆகவேதான் அங்கே சிலர் அதைத் தண்டனையாக நினைக்கிறார்கள். அதில் நியாயமும் இல்லாமல் இல்லை. பணமுள்ளவன் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து நள்ளிரவு வரை குடிக்கலாம். அறையில் பத்துப் பன்னிரண்டு பேரோடு படுக்கிறவனுக்குப் புல்தரைதான் கூடம். அந்தக் கூடத்தில் அவன் குடித்தால் குற்றம். இந்தப் பேதம் சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது.

விசாரணைக் குழுவும் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. தொழிலாளர்கள் கூடும் இடங்களில் விளக்கும் வசதிகளும் வேண்டும், விடுதிகளுக்குப் பக்கத்திலேயே பொழுது போக்க இடம் வேண்டும் என்று சொன்னது. கிராஞ்சி, செம்பவாங், பென்ஜூரு, சூன் லீ போன்ற இடங்களில் கடை, விளையாட்டுத் திடல், படம் பார்க்கும் வசதி என்று பொழுதுபோக்கு மையங்கள் இருக்கின்றன. இருந்தாலும் ஜனங்கள் தேக்காவுக்குத்தான் வருகிறார்கள். கோயில் அங்கே, ஊர்க்காரன் அங்கே, ஊர் அரிசி அங்கே. நாம் அன்று பார்த்த கூட்டமே அதற்குச் சாட்சி.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்று எச்சரிக்கிறார்களே, அதுவும் உண்மைதான். மலேசியாவில் சம்சு நம் தோட்டங்களைத் தின்றதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எஸ். எம். முகம்மது இத்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகள் அதை எதிர்த்துக் கத்தியது. சிறு போத்தலில் ஒன்றிரண்டு வெள்ளிக்குக் கிடைத்ததுதான் அதன் பலம். பால்வெட்டுக்காரன் சட்டைப்பைக்குள் அடங்கும் போத்தல். அன்றன்று கிடைக்கும் சில்லறைக் காசுக்கு அடங்கும் விலை. பின்னர் வந்த விதிகள் அந்தச் சிறு போத்தலையே குறிவைத்தன: கலவை மது 700 மில்லிலிட்டருக்குக் குறையாத போத்தலில்தான் வரவேண்டும். மது வாங்கும் வயதும் 2017 டிசம்பர் 1 முதல் 18இலிருந்து 21 ஆனது.

ஆனால் 2018 செப்டம்பரில் சிலாங்கூர் பக்கம் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர். அந்த ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளும் தேக்காப் புல்தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மெத்தனால் குடித்தவுடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து வாந்தி, தலைவலி, மூச்சு வாங்குதல், கண் மங்கல். "போதை தெளியட்டும், படுக்கட்டும்" என்று விட்டுவிடாமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மருந்து உண்டு; நேரம்தான் இல்லை.

வீட்டில் இருக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் சாமி மேல் சத்தியம் செய்து ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பு வரும். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பேய் பிடித்தது என்று பூசாரியிடம் கூட்டிப் போகாதீர்கள். உயிருக்கே ஆபத்தான நிலை அது. டாக்டர் பார்க்க வேண்டியது. நிறுத்த நினைத்தால் முன்கூட்டியே கிளினிக்குக்குப் போய்ச் சொல்லிவிட்டு நிறுத்துவது நல்லது. சிங்கப்பூரில் மனநலக் கழகத்தில் இதற்கென்றே தேசியப் போதைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மருத்துவமும் மன ஆறுதலும் தர ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பு 2006 முதல் வேலை செய்கிறது. குடித்தவனைத் திட்டுவதற்கு ஆயிரம் பேர். உட்காரவைத்துப் பேசுவதற்கு இப்படிச் சிலராவது இருக்கிறார்களே.

பேசிக்கொண்டிருந்ததில் பொழுது போனதே தெரியவில்லை. விடுதிப் பஸ்கள் புறப்படும் இடத்தில் கம்பித் தடுப்புக்குள் வரிசை நீண்டிருந்தது. 2013க்கு முன் பஸ்ஸுக்கு முண்டியடித்த கதையை அந்தத் தஞ்சாவூர்த் தம்பி சொல்லிக்கொண்டே வந்தார். கையில் இரண்டு பைகள். ஒன்றில் கறிவேப்பிலையும் புளியும் எட்டிப் பார்த்தன.

"இன்னொரு பையில என்னா தம்பி?" என்று கேட்டோம்.

"பாப்பாவுக்கு ஸ்கூல் பேக்குண்ணே. அடுத்த மாசம் ஊருக்குப் போறேன்" என்றார். வரிசை நகர்ந்தது. இரண்டு பைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு, படியில் நிதானமாகக் கால் வைத்து ஏறினார்.